உஷார்! துருப்பிடித்த ஹிட்ச் பூட்டுக்கு நெருப்பு காட்டாதீர்கள்

ஹிட்ச் பூட்டு திறக்க மறுக்கிறதா? கையில் புரொப்பேன் டார்ச் இருந்தால் அதைக் கீழே வையுங்கள். பிரேக் கிளீனர் டப்பாவையும் வைத்துவிடுங்கள். ட்ரெயிலர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஒன்டாரியோவில் பனி உருகி, மே மாத விக்டோரியா தின விடுமுறை நெருங்கும் வாரங்களில் இந்த ஆபத்து தெருவுக்குத் தெரு வாசலில் வந்து நிற்கிறது. ஐந்தாறு மாதம் அசையாமல் கிடந்த கேம்பர், படகு ஏற்றும் ட்ரெயிலர், புல்வெட்டும் இயந்திரம் ஏற்றும் திறந்த ட்ரெயிலர் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வருகின்றன. ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் நம்மவர்கள் பலருக்கு இந்த ட்ரெயிலர்தான் பிழைப்பு. கோடையில் புல்வெட்டு, இடையில் கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றுவது என்று ஓடிக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்கு வாடிக்கையாளர் காத்திருக்கிறார். சாவி உள்ளே போகிறது, திரும்பவில்லை. அந்த அவசரத்தில் மனிதர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்துப் பதறித்தான் இதை எழுதுகிறேன்.

பூட்டின் விலை நாற்பது, ஐம்பது டாலர். உடைத்து எறிந்தாலும் நஷ்டம் அவ்வளவுதான். கண்ணையும் நுரையீரலையும் கால் விரல்களையும் பணயம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பொருள் இல்லை அது.

பூட்டு ஏன் இறுகுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கனடாவின் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு கொட்டுகிறார்கள். ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கும் கோடரிச் ஊரில், ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே, உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமே இருக்கிறது. சாதாரண உப்போடு கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் கரைசலாகத் தெளிக்கப்படுகின்றன. இவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி கராஜில் நின்றாலும், வெளியே பார்க்கக் காய்ந்திருந்தாலும், பூட்டின் உள்ளே ஈரம் வற்றுவதில்லை.

வண்டியின் பின்பக்கம் சதுரக் குழலாக இருக்கிறதே, அது ரிசீவர். அதற்குள் நுழைந்து, ட்ரெயிலர் மாட்டும் பந்தைத் தாங்கும் பால் மவுண்டை ஒரு எஃகுப் பின் குறுக்கே பிடித்துக்கொள்கிறது. பிக்-அப் வண்டிகளில் இந்தப் பின் பெரும்பாலும் 5/8 அங்குல விட்டம். சிறிய கார்களில் அரை அங்குலம். அதன் ஒரு முனையில் பூட்டுத் தலை. ட்ரெயிலர் பக்கம், பந்தைக் கவ்வும் கப்ளரின் தாழ்ப்பாளிலும் இன்னொரு பூட்டு இருக்கும். இரண்டிலும் கூடு எஃகு, சாவி நுழையும் உட்கரு பித்தளை அல்லது துத்தநாகக் கலவை. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடுகிறது. எஃகில் செந்துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு, துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி. துருவுக்கு அது தின்ற இரும்பைவிட அதிக இடம் வேண்டும். கூட்டுக்கும் உட்கருவுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியை அது அடைத்துவிடுகிறது. சாவித்துளையை மூடும் ரப்பர் மூடி போன குளிர்காலமே கழன்று விழுந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஆபத்துகளுக்கு வருகிறேன்.

பூட்டு விட்டுக்கொடுத்த அந்த நொடியில் என்ன நடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. 1,500 கிலோ ட்ரெயிலர் என்றால், அதன் முன்தண்டு பந்தின் மேல் இறக்கும் பாரம் வழக்கமாக 10 முதல் 15 சதவீதம், அதாவது 150 முதல் 225 கிலோ வரை. அரை மணி நேரம் சுத்தியால் தட்டி, எண்ணெய் விட்டு, நெம்பி, கடைசியில் பூட்டு படக்கென்று விடுகிறது. கால் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் முன்தண்டுக்கு நேர் கீழே. நம் வீட்டு வாசல்கள் கராஜிலிருந்து தெருவை நோக்கிச் சரிவாக இருப்பவை. கட்டை இல்லாத ட்ரெயிலர் அந்தச் சரிவில் உருளத் தொடங்கினால் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. பிடிக்கப் போகிறவர்தான் அடியில் மாட்டிக்கொள்வார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ட்ரெயிலரின் பின்பகுதியில் பாரம் அதிகமாக இருந்தால், கப்ளர் பந்தைவிட்டுக் கழன்றதும் முன்தண்டு மேலே எகிறும். குனிந்து வேலை செய்கிறவரின் தாடையும் நெற்றியும் அதன் பாதையில்தான் இருக்கின்றன. புல்வெட்டும் இயந்திரத்தைப் பின்னால் தள்ளி நிறுத்தியவர்களும், தார்ப்பாயில் உருகிய பனிநீர் தேங்கி நிற்க விட்டவர்களும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஊரில் தேர் இழுத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான். இங்கேயும் அதே கவனம் வேண்டும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னும் பின்னும், மரத்தாலோ கனமான ரப்பராலோ ஆன ஆப்புக் கட்டைகளை அழுத்தி வையுங்கள். செங்கல் நொறுங்கும், உருண்டைக் கல் நழுவும். முன்தண்டின் ஜாக்கியைத் தரையில் ஒரு கெட்டியான பலகை மேல் இறக்குங்கள். பாரம் ஜாக்கிக்கு வந்துவிட்டது என்று உறுதியாகும்வரை பாதுகாப்புச் சங்கிலிகளைக் கழற்றாதீர்கள். பிள்ளைகளை வாசலைவிட்டு வீட்டுக்குள் அனுப்புங்கள். இதற்கு ஆகிற நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

இதைச் செய்யும்போதே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல சமயம் பூட்டில் கோளாறே இருக்காது. வண்டி நிற்கும் விதத்தால் ட்ரெயிலரின் பாரம் பின்னை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். கட்டை கொடுத்து, பாரத்தை ஜாக்கிக்கு மாற்றி, வண்டியை இரண்டு விரல்கடை முன்னே அல்லது பின்னே நகர்த்தினால் இழுவிசை போய், பின் தளர்ந்துவிடும். துரு என்று நினைத்து நெருப்பைத் தேடிப் போகுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நெருப்பு என்றதும் சென்ற வசந்தத்தில் பார்த்த ஒரு தம்பியின் முகம் நினைவுக்கு வருகிறது. கையில் புரொப்பேன் டார்ச். பூட்டைச் சுற்றி ஈரம் மினுமினுக்கிறது. "அண்ணே, ரெண்டு நிமிஷம் சூடு காட்டினா தானா விட்டுரும்" என்றார். "தம்பி, அதுக்கு முன்னாடி அந்த ஸ்ப்ரே டப்பாவில என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க" என்றேன். துருவையும் அழுக்கையும் கழுவுவதற்காக அவர் தாராளமாக அடித்திருந்தது பிரேக் கிளீனர். டப்பாவின் முதுகில் முதல் பெயர் டெட்ராகுளோரோஎத்திலீன். டார்ச்சை அணைக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, உடனே அணைத்தார்.

இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது. பெர்குளோரோஎத்திலீன் என்றும் பெயருள்ள அந்தக் குளோரின் கரைப்பான் டார்ச் சுடரிலோ வெல்டிங் பொறியிலோ சிதையும்போது ஃபாஸ்ஜீன் என்ற வாயு உண்டாகலாம். முதல் உலகப் போரில் 1915 முதல் களத்தில் பயன்பட்டு, விஷவாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்ற வாயு அதுதான். நிறம் கிடையாது. ஈர வைக்கோல் வாசனை லேசாக வரும் என்பார்கள். அந்த வாசனை தெரியும் அளவு வந்துவிட்டால் ஏற்கெனவே அதிகம் சுவாசித்தாகிவிட்டது. இன்னும் கொடுமை, அது உடனே காட்டிக்கொள்ளாமல் போகலாம். கொஞ்சம் இருமல், கண் எரிச்சல், பிறகு நன்றாகிவிட்டது போலத் தோன்றும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் 48 மணி நேரம் வரை கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடுபட்டு, அந்தப் புகையை யாராவது சுவாசித்துவிட்டால் "இப்போ ஒன்றும் இல்லையே" என்று வீட்டில் இருக்காதீர்கள். மூச்சுக்குக் கஷ்டம் என்றால் 911. இல்லையென்றாலும் நச்சுத் தகவல் மையத்தை அழைத்துக் கேளுங்கள்: கனடாவில் 1-844-764-7669, அமெரிக்காவில் 1-800-222-1222. என்ன டப்பா, என்ன வேலை செய்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த டப்பாவின் பெயர் தெரியாமல் அவர்களால் சரியாகப் பார்க்க முடியாது.

குளோரின் இல்லாத பிரேக் கிளீனர் என்றால் பரவாயில்லையா? அதிலும் ஆபத்து உண்டு, வேறு வகையில். அதில் இருப்பவை அசிட்டோன், ஹெப்டேன் போன்றவை. அசிட்டோனின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸிலும் பற்றிக்கொள்ளும். அதாவது கனடாவின் கடுங்குளிர்கூட அதற்குப் பாதுகாப்பு இல்லை. அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்து துருவில் ஊற்றும் வீட்டு வைத்தியம் இங்கே பிரபலம். வேலை செய்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அதன் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு தரையாகப் பரவும். அமெரிக்காவில் பல வீடுகளில் தண்ணீர் சூடாக்கும் காஸ் ஹீட்டர் கராஜிலேயே நிற்கிறது, உள்ளே சுடரோடு. கதவை மூடிக்கொண்டு கராஜுக்குள் இதை ஊற்றுகிறவர், நெருப்புப் பெட்டியைத் தொடாமலே தீயை வரவழைத்துவிடுவார்.

எந்த ரசாயனமும் அடிக்காமல் சும்மா சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. ரிசீவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பிக்-அப்பில் உதிரி டயர் பக்கத்தில் தொங்குகிறது. விளக்குகளுக்கான வயர் கட்டு அங்கேதான். எஸ்.யூ.வி.க்களில் பம்பர் முழுக்க பிளாஸ்டிக். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக் கலமும் பல வண்டிகளில் பின்பக்கத்து அடியிலேயே இருக்கிறது, டாங்க்கும் தூரமில்லை. இவ்வளவுக்கும் நடுவே 1,900 டிகிரியைத் தாண்டும் சுடரை நீட்டுகிறோம்.

பூட்டிலும் பின்னிலும் இருக்கும் முலாம் இன்னொரு கண்ணி. பெரும்பாலும் துத்தநாகம். அது ஆவியாகிப் புகைந்தால் உலோகப் புகைக் காய்ச்சல் வரும். மாலையில் குளிர் நடுக்கம், உடல்வலி, ஃப்ளூ வந்தது போல இருந்து ஓரிரு நாளில் தணியும். ஆனால் பழைய உதிரிபாகங்களில் காட்மியம் முலாமும் உண்டு. காட்மியம் புகையும் முதலில் ஃப்ளூ போலத்தான் தொடங்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது. மஞ்சள் மினுக்கத்தை வைத்து எது எந்த முலாம் என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனையும் தாண்டி பூட்டு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகக் கலவை 400 டிகிரிக்கு முன்பே உருகிவிடுவதால் உட்கரு கூழாகியிருக்கும். வெப்பப் பதம் போட்டுப் பலமாக்கிய எஃகுப் பின் தன் பதத்தை இழந்திருக்கும். பார்க்க முன்பு போலவே இருக்கும் அந்தப் பின்னை நம்பி நெடுஞ்சாலை 401இல் ட்ரெயிலரை இழுத்துப் போவீர்களா?

குளிர்காலத்தில் பூட்டு துருவால் அல்லாமல் பனிக்கட்டியால் உறைந்திருக்கும். அப்போது சாவியை லைட்டரில் சுட்டு நுழைப்பது ஒரு பழக்கம். முந்தின நிமிடம் பூட்டுக்குள் அடித்த ஐஸ் நீக்கி பெரும்பாலும் ஆல்கஹால் என்பதை மறந்துவிடுகிறார்கள். சுட்ட சாவியை அதில் நுழைத்தால் சுடர் கையில்தான் ஏறும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் வீண். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தண்ணீர் பூட்டின் இன்னும் ஆழமான இடத்தில் போய் உறையும். முடி உலர்த்தும் டிரையர் போதும், நீட்டிப்பு வயர் நனையாமல் பார்த்துக்கொண்டால். கீபோர்டைத் துடைக்கும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துப் பூட்டை உறைய வைத்து உடைக்கும் வித்தை வேறு பரவியிருக்கிறது. அந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது டைஃப்ளூரோஈத்தேன். தோலில் பட்டால் உறைபுண், பொறி பட்டால் தீ.

அடுத்து, இழுத்துப் பிடுங்குகிறவர்கள். பால் மவுண்ட் ரிசீவருக்குள் துருவேறி ஒட்டிக்கொண்டால், பந்தில் சங்கிலியையோ பெல்ட்டையோ மாட்டி, மறுமுனையை மரத்திலோ இன்னொரு வண்டியிலோ கட்டி, ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். இதை எங்கே பார்த்தாலும் சத்தம் போட்டு நிறுத்துங்கள். ஹிட்ச் பந்து சீராக இழுப்பதற்குச் செய்தது, வெட்டி இழுப்பதற்கு அல்ல. திடீர் இழுப்பில் அதன் தண்டு முறிந்தால், இழுபட்டு நீண்ட பெல்ட் அந்த இரும்பு உருண்டையை வண்டியின் கண்ணாடியையும் ஓட்டுநரின் தலையையும் நோக்கி வீசும். சேற்றில் மாட்டிய வண்டிகளை இப்படிப் பந்தில் மாட்டி இழுத்து உயிர்கள் போயிருக்கின்றன.

சரி, என்னதான் செய்வது? பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான பூட்டுகள் வழிக்கு வருகின்றன. ஒரே இரவில் வராமல் போகலாம், அவ்வளவுதான்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், அல்லது வண்டியை வெளியே நிறுத்துங்கள். சாவித்துளையையும் பூட்டுத் தலையின் விளிம்பையும் முதலில் வெதுவெதுப்பான நீரால் கழுவி உப்பை வெளியேற்றுங்கள். உறைபனி இல்லாத நாளாக இருக்க வேண்டும். நன்றாக உலரவிட்டு, ஊடுருவும் எண்ணெயை, அதாவது துருவுக்குள் இறங்குவதற்கென்றே விற்கும் எண்ணெயை, சாவித்துளைக்குள் கொஞ்சமும் உட்கருவைச் சுற்றிக் கொஞ்சமும் விடுங்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி-40 1953இல் சான் டியேகோவில் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. கழுவி ஈரத்தை விரட்ட நல்லது. ஏற்கெனவே இறுகிய துருவுக்கு ஊடுருவும் எண்ணெயே மேல்.

பிறகு விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு டார்ச்சைத் தேடுவதுதான் எல்லாத் தவற்றுக்கும் தொடக்கம். எண்ணெய் மயிரிழைக்குள் இறங்க மணிக்கணக்கு ஆகும், ஒரு இரவு முழுதும்கூட. நடுநடுவே பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தலைச் சுத்தியால் பூட்டின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். அதிர்வு எண்ணெயை உள்ளே இழுக்கும். எஃகுச் சுத்தியால் பதம் போட்ட எஃகின் மேல் ஓங்கி அடிக்காதீர்கள். சில்லு தெறித்துக் கண்ணுக்குள் போகும். அப்படிப் போகிற சில்லு சில சமயம் வலிக்கக்கூட வலிக்காது, பார்வை மங்கிய பிறகே தெரியவரும்.

சாவி விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். தேயாத மாற்றுச் சாவி இருந்தால் அதை எடுங்கள். எண்ணெய் தடவி நுழைத்து, வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி நுழையுங்கள். துடைக்கும்போது பச்சையும் செம்மையுமாக அழுக்கு வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இடமும் வலமுமாக விரல் பலத்தில் மட்டும் அசையுங்கள். குறடால் சாவியைப் பிடித்துத் திருகினால் சாவி உள்ளே முறியும். பிறகு எண்ணெய் போகக்கூட வழியில்லை. முறிந்துவிட்டால் பசை தடவிய குச்சியை உள்ளே விடும் வித்தையெல்லாம் வேண்டாம், பூட்டுத் தொழிலாளியைக் கூப்பிடுங்கள். சாவியே தொலைந்திருந்தால் பூட்டின் முகத்தில் ஒரு எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் அந்த எண்ணுக்குச் சாவி அனுப்புகிறார்கள்.

மியூரியாட்டிக் அமிலம் ஊற்றினால் துரு கரையும் என்று ஆலோசனை சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அதன் புகை மூச்சுக்குழாயை எரிக்கும். பதம் போட்ட எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, சொல்லாமல் கொள்ளாமல் முறியும் தன்மையையும் தரக்கூடும்.

இரண்டு மூன்று நாள் பார்த்தும் அசையவில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், காசு கொடுத்துப் பூட்டுத் தொழிலாளியிடமோ ட்ரெயிலர் பழுதுபார்க்கும் கடையிலோ விடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஆங்கிள் கிரைண்டரில் கை பழகியவர்கள் மட்டும் அடுத்து வருவதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

மூன்று நாளாக ஊற்றிய எண்ணெய் இப்போது பொறி விழப்போகும் இடத்தில் ஊறிக் கிடக்கிறது. சோப்பு நீரால் கழுவித் துடைத்து உலர்த்தாமல் கிரைண்டரை இயக்கவே கூடாது. பிரேக் கிளீனரால் கழுவக் கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன். பம்பரையும் வயரையும் உதிரி டயரையும் நனைத்த வெல்டிங் போர்வையால் மூடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வெட்டி முடித்து அரை மணி நேரமாவது அங்கேயே நின்று புகை வருகிறதா என்று பாருங்கள்.

நாலரை அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்துக்கு ஏற்ற டிஸ்க்தானா என்று அதன் முகத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரிய கிரைண்டரின் டிஸ்க்கை இதில் மாட்டுவதற்காகப் பாதுகாப்பு மூடியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றுவதற்குச் செய்த டிஸ்க் வெடித்துச் சிதறும்போது மூடி ஒன்றுதான் முகத்துக்கும் அதற்கும் நடுவே இருக்கும். டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். பழையதும் ஈரத்தில் கிடந்ததும் குப்பைக்கு.

பாதி வெட்டில் பூட்டு திடீரென்று அசைந்து டிஸ்க்கைக் கவ்வினால் கிரைண்டர் கையைவிட்டுத் துள்ளும். அதற்காகத்தான் முன்பே பாரத்தை இறக்கி, கட்டை கொடுக்கச் சொன்னேன். உடலை டிஸ்க் சுற்றும் கோட்டுக்கு நேரே வைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். குளிருக்குப் போட்ட நைலான் ஜாக்கெட்டையும் மப்ளரையும் கழற்றுங்கள்; நைலான் உருகித் தோலோடு ஒட்டும், மப்ளர் டிஸ்க்கில் சுற்றும். கழுத்துச் சங்கிலியும் வேண்டாம். பார்வைக்குப் போடும் மூக்குக்கண்ணாடி போதாது. இசட்87 அல்லது கனடாவின் சி.எஸ்.ஏ. முத்திரை உள்ள பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகக் கவசம், இரண்டும் வேண்டும். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்காதீர்கள், நீங்களே ஊசியால் எடுக்காதீர்கள். கருவிழியில் தங்கிய இரும்பு சில மணி நேரத்திலேயே அங்கே துரு வளையம் போடத் தொடங்கும். கண் மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், கண்ணில் எப்போதாவது உலோகம் பட்டதா என்று கேட்கும்போது மறக்காமல் இதைச் சொல்லுங்கள். அந்தக் காந்தப் புலத்தில் உள்ளே தங்கிய துகள் நகரக்கூடும்.

பூட்டு போனதும் நிம்மதியில் பலர் செய்யும் கடைசித் தவறு ஒன்று இருக்கிறது. கப்ளர் தாழ்ப்பாளைக் கம்பியால் கட்டிக்கொண்டு, அல்லது பின் துளையில் கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைச் சொருகிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சாதாரண போல்ட் ட்ரெயிலரின் முழு இழுவிசையைத் தாங்குவதற்குச் செய்தது அல்ல. ஒன்டாரியோ சாலைச் சட்டம் ட்ரெயிலருக்கு இரண்டு தனித்தனி இணைப்பு வேண்டும் என்கிறது, ஒன்று விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்வதற்காக. பாதுகாப்புச் சங்கிலிகளை முன்தண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் முன்தண்டு தரையைக் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும். பின் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டு முட்டை வடிவமாகிவிட்டனவா என்று விளக்கடித்துப் பாருங்கள். கிரைண்டர் ரிசீவரின் சுவரில் கீறியிருந்தால், எவ்வளவு சிறிய வெட்டாக இருந்தாலும், ஹிட்ச் கடையில் காட்டாமல் பாரம் இழுக்காதீர்கள்.

புதுப் பின்னைத் தேர்ந்தெடுக்கும்போது ரிசீவருக்கு ஏற்ற விட்டமா, இழுக்கும் எடைக்கு உரிய தரமா என்று பார்த்து வாங்கி, பின் தண்டில் படகுகளுக்குப் போடும் நீர்புகா கிரீஸைத் தடவுங்கள். சாவித்துளைக்குள் கிரீஸ் வேண்டாம், அது மணலையும் உப்பையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே போதும். பென்சில் கரிப்பொடி போடும் பழைய வழக்கத்தை உப்பு ஈரம் படும் பூட்டில் விட்டுவிடுங்கள். கிராஃபைட் ஈரத்தோடு சேர்ந்தால் உலோக அரிப்பைத் தூண்டும். ரப்பர் மூடி கழன்றால் அன்றைக்கே மாற்றுங்கள். சாவியின் எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். குளிர்காலத்தில் ட்ரெயிலர் இழுக்காதவர்கள் நவம்பர் மாதமே பால் மவுண்டைப் பூட்டோடு கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, காலியான ரிசீவர் குழலுக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள்.